ஹாலே முதல் முதலூர் வரை: ஆவிக்குரிய வழிநடத்துதலின் ஒரு வரலாறு

விசுவாசத்தில் முதிர்ந்த ஒருவர், விசுவாசத்துக்குப் புதியவரான இன்னொருவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு, வேத அறிவிலும் ஜெபத்திலும் நடத்தையிலும் ஊழியத்திலும் வளரச் செய்வதைக் கிறிஸ்தவ சபைகளில் ஆவிக்குரிய வழிநடத்துதல் அல்லது சீஷத்துவப் பயிற்சி என்பர். ஆலயத்தில் பலருக்குச் செய்யும் பிரசங்கத்திலிருந்து இது வேறுபட்டது. ஒருவரோடு ஒருவர் பல ஆண்டுகள் பழகுவதால் மட்டுமே இது நடைபெறும்.

தமிழ்நாட்டில் புராட்டஸ்தாந்து சபை வேரூன்றிய வரலாற்றை, இத்தகைய வழிநடத்துதல்களின் தொடராகவும் வாசிக்கலாம். ஜெர்மனியில் ஸ்பேனர் பிராங்கேயை உருவாக்கினார். பிராங்கேயின் ஹாலே நகரப் பள்ளிகளிலிருந்து சீகன்பால்குவும் பின்னர் சுவார்ட்சும் தமிழகம் வந்தனர். அவர்களிடமிருந்து ஆரோன், சத்தியநாதன், தாவீது சுந்தரானந்தம் ஆகியோர் எழுந்தனர். ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகள் நீண்ட இந்தத் தொடரில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. சீஷன் முதிர்ந்துவிட்டான் என்று குரு எப்போது ஒப்புக்கொள்கிறார்? தம் பொறுப்பை எப்போது அவன் கையில் கொடுக்கிறார்? இக்கட்டுரை அந்தக் கேள்வியை மையமாகக் கொண்டு இவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகிறது.

வேதாகமப் பின்னணி

இவ்வழக்கத்திற்குச் சபைகள் காட்டும் முதல் முன்மாதிரி புதிய ஏற்பாட்டில் உள்ளது. சபையைத் துன்பப்படுத்திய சவுல் மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது, சீஷர்கள் அவரை நம்ப அஞ்சினர். பர்னபா அவரை அழைத்துச் சென்று அப்போஸ்தலரிடம் சேர்த்தார். பின்னர் தர்சு பட்டணத்திற்குத் தேடிச் சென்று அவரை அந்தியோகியாவுக்குக் கூட்டி வந்தார். இருவரும் ஒரு வருடம் அங்கே சேர்ந்து போதித்தனர். அப்போஸ்தலர் நடபடிகளின் தொடக்கத்தில் பர்னபாவின் பெயர் முன்னும் சவுலின் பெயர் பின்னும் வருகின்றன. போகப்போகப் பவுலின் பெயர் முன்னே வருகிறது. பர்னபா இதைக் குறையாக எண்ணியதாக எங்கும் எழுதப்படவில்லை.

பவுல் தாமும் லீஸ்திரா பகுதியைச் சேர்ந்த தீமோத்தேயு என்னும் இளைஞரைப் பயணத்தில் உடன் அழைத்துச் சென்றார். தீமோத்தேயுவின் விசுவாசத்திற்கு அவருடைய பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் முன்பே அடித்தளமிட்டிருந்தனர். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தில், தம்மிடம் கேட்டவற்றை உண்மையுள்ள மனிதரிடம் ஒப்படைக்கவேண்டும் என்றும், அவர்கள் மற்றவர்களுக்குப் போதிக்கத் தக்கவர்களாக இருக்கவேண்டும் என்றும் பவுல் அறிவுறுத்துகிறார். பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனிதர், மற்றவர்கள் என நான்கு தலைமுறைகள் அந்த ஒரே அறிவுரையில் அடங்குகின்றன.

வழிநடத்துதலில் கருத்து வேறுபாடு வருவதும் வேதாகமத்தில் மறைக்கப்படவில்லை. பாதிப் பயணத்தில் விட்டுச் சென்ற மாற்குவை மீண்டும் சேர்த்துக்கொள்ளலாமா என்பதில் பவுலும் பர்னபாவும் பிரிந்தனர். பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு சீப்புரு தீவுக்குப் போனார். பிற்காலத்தில் பவுலே மாற்கு ஊழியத்தில் தமக்குப் பயனுள்ளவர் என்று எழுதி, அவரை அழைத்துவரச் சொன்னார்.

ஸ்பேனரின் வீட்டுக் கூடுகைகள்

பதினேழாம் நூற்றாண்டின் ஜெர்மனியில் லுத்தரன் சபை அரசின் ஆதரவோடு நிலைபெற்றிருந்தது. உபதேசங்களைப் பற்றிய வாதங்கள் மிகுந்திருந்தன. விசுவாசிகளின் அன்றாட வாழ்வில் மாற்றம் குறைவாக இருந்தது. இந்நிலையில் பிராங்பர்ட் நகரின் மூத்த குருவானவராக இருந்த பிலிப்பு யாக்கோபு ஸ்பேனர் (1635–1705), 1670இல் தம் வீட்டில் சிறு கூடுகைகளைத் தொடங்கினார். பிரசங்கத்தையும் பக்தி நூல்களையும் வேதப்பகுதிகளையும் பற்றி அங்கே பேசினர். கற்றவரும் சாதாரணத் தொழிலாளரும் ஒன்றாக அமர்ந்தனர்.

1675இல் அவர் எழுதிய ‘பியா தெசிதேரியா’ என்னும் நூல் இந்த இயக்கத்தின் அறிக்கை போலானது. வேதத்தை எல்லாரும் அதிகமாகப் படிக்கவேண்டும், குருமார் மட்டுமன்றி ஒவ்வொரு விசுவாசியும் மற்றவருக்குப் போதிக்கவும் புத்தி சொல்லவும் கடமைப்பட்டவர், கிறிஸ்தவம் அறிவில் மட்டுமல்ல நடைமுறையிலும் விளங்கவேண்டும் என்பவை அவர் முன்வைத்த ஆலோசனைகளில் சில. இறையியல் கற்கும் மாணவரின் படிப்பை மட்டும் பார்க்காமல், அவர்களின் வாழ்க்கையையும் பேராசிரியர்கள் கவனிக்கவேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். இந்த இயக்கத்தையே பக்தி இயக்கம் அல்லது பயட்டிசம் என்பர்.

பிராங்கேயும் ஹாலே நிறுவனங்களும்

ஸ்பேனரால் உருவானவர்களுள் முதன்மையானவர் அவுகுஸ்து ஹெர்மான் பிராங்கே (1663–1727). லைப்சிக் பல்கலைக்கழகத்தில் நண்பரோடு சேர்ந்து வேத ஆராய்ச்சிக் குழு நடத்தியவர். 1687இல் லூனபுர்க்கில் பிரசங்கம் ஒன்றை ஆயத்தப்படுத்தும்போது, தாம் பிறருக்குச் சொல்லப்போகும் விசுவாசம் தமக்கே இல்லை என்ற கடும் ஐயத்தில் விழுந்து, ஜெபத்தில் அதிலிருந்து மீண்டதாக அவரே பதிவு செய்துள்ளார். அதன்பின் டிரெஸ்டனில் ஸ்பேனரோடு சுமார் இரண்டு மாதங்கள் தங்கினார். லைப்சிக்கிலும் எர்பர்ட்டிலும் எதிர்ப்பைச் சந்தித்து வெளியேற நேர்ந்தபோது, அவருக்கு ஹாலேயில் இடம் கிடைக்க உதவியவர் ஸ்பேனரே. 1692இல் பிராங்கே ஹாலேக்கு வந்தார். புதிய பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும், அருகிலிருந்த கிளௌகா என்னும் ஏழைகள் வாழ்ந்த ஊரில் குருவானவராகவும் பணியாற்றினார்.

1695இல் அவர் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். அது அநாதை இல்லம், பல பள்ளிகள், மருந்தகம், அச்சகம் என வளர்ந்தது. இங்கே கவனிக்கத்தக்க ஏற்பாடு ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தில் படித்த ஏழை மாணவர்களுக்கு இலவசமாக உணவு அளித்து, அதற்கு ஈடாக அவர்களைப் பள்ளிகளில் கற்பிக்கச் செய்தார். கற்றுக்கொண்டிருப்பவனே கற்பிக்கவும் தொடங்கினான். மாணவனின் குறை நிறைகள் வகுப்பறையில் வெளிப்பட்டன. அவற்றைத் திருத்தப் பெரியவர்கள் அருகிலிருந்தனர். ஹாலேயிலிருந்து வந்த மிஷனரிகள் தமிழகத்தில் பின்பற்றிய முறைக்கு இதுவே வேர்.

சீகன்பால்கு: முதலில் மாணவர்

பர்த்தலோமேயு சீகன்பால்கு (1682–1719) சாக்சனி நாட்டின் புல்ஸ்னிட்சில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். உடல்நலக் குறைவும் மனச்சோர்வும் அவருடைய படிப்பை அடிக்கடி தடுத்தன. பெர்லினில் யோவாக்கீம் லாங்கேயும் ஹாலேயில் பிராங்கேயும் அவருக்கு ஆலோசனை கூறித் தாங்கினர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக், டேனியர் குடியேற்றமான தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்ப விரும்பியபோது, சீகன்பால்குவும் ஹென்ரிக் புளூட்சோவும் தெரிந்தெடுக்கப்பட்டனர். 1706 ஜூலை 9 அன்று அவர்கள் தரங்கம்பாடி வந்து சேர்ந்தனர்.

வந்தவுடன் சீகன்பால்கு மீண்டும் மாணவரானார். வயதான தமிழ் வாத்தியார் ஒருவர் தம் திண்ணைப் பள்ளியையே மிஷனரிகளின் வீட்டில் நடத்த இசைந்தார். சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதிச் சீகன்பால்கு தமிழ் எழுத்துகளைக் கற்றார். பின்னர் தமிழ் நூல்களைச் சேகரித்துப் படித்தார். 1708இல் தாம் சேர்த்த தமிழ் நூல்களின் விளக்கப் பட்டியலையும் எழுதினார். அவருக்குக் கற்பித்த தமிழர்கள் பெரும்பாலோர் அவருடைய மதத்தைச் சேராதவர்கள். இப்பணிவு அவருடைய பிற்கால ஊழியத்திற்கு மிகவும் உதவியது. அவர் சொன்ன செய்தியைத் தமிழில் சரியாகச் சொல்கிறாரா என்று தீர்மானிக்கும் உரிமை அவருடைய தமிழ் ஆசிரியர்களுக்கே இருந்தது.

1714இல் ஐரோப்பாவுக்குச் சென்றபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரை உடன் அழைத்துச் சென்றார். அப்பயணத்தின்போது உருவான தமிழ் இலக்கண நூல் 1716இல் ஹாலேயில் அச்சானது. அதை எழுதுவதற்கு மலையப்பனோடு பேசிய பேச்சு பெரிதும் உதவியது.

உபதேசியார் முறையும் ஆரோனும்

தரங்கம்பாடி ஊழியத்தின் முதுகெலும்பாக இருந்தவர்கள் உபதேசியார்கள். ஞானஸ்நானம் பெற விரும்பியவர்களுக்குப் போதிப்பது, சபையாரை வீடுதோறும் சந்திப்பது, நோயாளிகளுக்காக ஜெபிப்பது, பிள்ளைகளுக்குக் கற்பிப்பது எல்லாம் அவர்களின் வேலை. தாங்கள் சென்ற ஊர்களையும் பேசிய பேச்சுகளையும் குறித்து மிஷனரிகளிடம் அறிக்கை தந்தனர். அவ்வறிக்கைகளிலிருந்து எடுத்த செய்திகள் ஹாலேக்கு அனுப்பப்பட்டு, 1710 முதல் தொடர் வெளியீடாக அச்சிடப்பட்டன. தஞ்சை அரசின் எல்லைக்குள் ஐரோப்பியர் எளிதாகச் செல்ல முடியாத காலத்தில், அங்கே சபைகளை வளர்த்தவர்கள் தமிழ் உபதேசியார்களே.

அவர்களுள் ஆரோன் குறிப்பிடத்தக்கவர். கடலூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்த இவருடைய இயற்பெயர் ஆறுமுகம். 1718இல் சீகன்பால்குவிடம் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த ஆண்டே, 1719 பிப்ரவரி 23 அன்று, சீகன்பால்கு 36 வயதில் இறந்தார். அவருடைய உடனூழியர் கிரண்ட்லரும் 1720இல் மறைந்தார். எனினும் ஆரோனின் பயிற்சி நின்றுபோகவில்லை. பின்வந்த மிஷனரிகளோடு உபதேசியாராக உழைத்து, சபையாரின் நம்பிக்கையைப் பெற்றார்.

1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில் ஆரோனுக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. இந்தியாவில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் புராட்டஸ்தாந்து குருவானவர் இவரே. மாயவரம் பகுதிச் சபைகளைப் பேணி, 1745இல் காலமானார். முதல் மிஷனரிகள் வந்து 27 ஆண்டுகள், ஆரோன் ஞானஸ்நானம் பெற்று 15 ஆண்டுகள் சென்றபின் இந்நிகழ்வு நடந்தது. அதுவரை திருவிருந்து நடத்தும் உரிமை ஐரோப்பியர் கையில் மட்டுமே இருந்தது. அன்று அது தமிழர் ஒருவருக்கும் கிடைத்தது.

இராஜநாயக்கன்: தடுக்கப்பட்ட பொறுப்பு

இந்த வரலாற்றில் கறையான பகுதியும் உண்டு. இராஜநாயக்கன் தஞ்சை அரசின் படையில் சேவகராக இருந்தவர், கத்தோலிக்கக் குடும்பத்தவர். தமிழில் அச்சான சுவிசேஷங்களைப் படித்ததால் தரங்கம்பாடி மிஷனரிகளிடம் வந்து, உபதேசியாரானார். பல இடர்களைச் சகித்துத் தஞ்சைப் பகுதியில் நெடுங்காலம் ஊழியம் செய்தார்.

1741இல் இரண்டாவது தமிழ் குருவானவரைத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது. உழைப்பிலும் அனுபவத்திலும் இராஜநாயக்கன் அதற்குத் தகுதியானவர். ஆனால் அவர் தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அவர் கையிலிருந்து திருவிருந்தைப் பெறச் சாதிக் கிறிஸ்தவர்கள் இணங்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் கருதினர். தியோகு என்பவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. இராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார்.

இங்கே சீஷனின் முதிர்ச்சியில் குறையில்லை. அதை வெளிப்படையாக அங்கீகரிக்கும் துணிவு அவரை நடத்தியவர்களுக்கு இல்லை. சபையில் சமாதானம் கெடும் என்ற அச்சம், சபையின் உபதேசத்தைவிட வலிமையாக இருந்தது. ஒவ்வொரு விசுவாசியும் ஆசாரியர் என்று ஸ்பேனர் எழுதிய கொள்கை, தரங்கம்பாடியில் சாதியின் முன் நின்றுவிட்டது. இதை மறைத்து எழுதும் மிஷன் வரலாறு முழுமையானதாகாது.

சுவார்ட்சின் முறை

கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் (1726–1798) ஹாலேயில் படிக்கும்போது, தமிழகத்திலிருந்து திரும்பி வந்திருந்த மூத்த மிஷனரி பெஞ்சமின் சூல்ட்சே தமிழ் வேதாகமம் ஒன்றை அச்சிட முயன்று கொண்டிருந்தார். அதற்கு உதவச் சென்ற சுவார்ட்ஸ் அவரிடம் தமிழ் கற்கத் தொடங்கினார். 1750இல் தமிழகம் வந்த அவர், தரங்கம்பாடியில் சில ஆண்டுகள் பணி செய்தபின் 1762 முதல் திருச்சிராப்பள்ளியிலும், 1778 முதல் தஞ்சாவூரிலும் தங்கி ஊழியம் செய்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை; தாயகத்துக்கும் திரும்பவில்லை.

திருச்சிராப்பள்ளியில் அவர் உபதேசியார்களைக் காலையில் கூட்டி, அவர்களோடு ஜெபித்து, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார். மாலையில் அவர்கள் திரும்பி வந்து, சந்தித்தவர்களையும் எதிர்கொண்ட கேள்விகளையும் சொல்வார்கள். பயிற்சிக்கென்று தனி வகுப்பு தேவைப்படவில்லை. நாள்தோறும் செய்த வேலையே பாடமாயிற்று. சோறும் காய்கறியும் உண்டு அவர் எளிமையாக வாழ்ந்ததை உபதேசியார்களும் உடனிருந்து கண்டனர்.

அவரால் உருவாக்கப்பட்டவர்களின் வாழ்க்கை ஒரே அச்சில் வார்த்ததுபோல் அமையவில்லை. மிஷனரி ஒருவரின் மகனாகத் தரங்கம்பாடியில் பிறந்த யோவான் காஸ்பர் கோலாப், சுவார்ட்சிடம் வளர்ந்து 1787இல் குருப்பட்டம் பெற்று, 1844இல் இறக்கும்வரை தஞ்சையில் பணியாற்றினார்.

திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் (1774–1864) சிறுவனாகச் சுவார்ட்சோடு தஞ்சாவூர் வந்தார். அங்கும் தரங்கம்பாடியிலும் கற்று, 19 வயதில் பள்ளித் தலைமை ஏற்றார். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயகம் சாஸ்திரியார் இவரே. பிற்காலத்தில் தமிழ்ச் சபையின் வழக்கங்கள் பற்றியும் சாதி பற்றியும் புதிய மிஷனரிகளோடு மோதி, வேலையை இழந்தார். சாதி வேறுபாடுகளை விட்டுவிடும்படி புதியவர்கள் வற்புறுத்தினர். சாஸ்திரியார் அதை ஏற்கவில்லை. ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்வதைச் சுவார்ட்ஸ் முழுவதுமாக ஒழிக்கவில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். குருவின் நற்பண்புகளோடு அவர் தொடாமல் விட்ட குறையும் சீஷரிடம் சென்று சேர்ந்தது.

தஞ்சை மன்னர் துளஜா தத்தெடுத்த சரபோஜிக்கும் சுவார்ட்ஸ் பாதுகாவலராக இருந்தார். சரபோஜி கிறிஸ்தவராகவில்லை, தம் முன்னோரின் சமயத்திலேயே நிலைத்திருந்தார். ஆயினும் சுவார்ட்ஸ் மீது தந்தைக்குரிய அன்பு வைத்திருந்தார். சுவார்ட்சின் மரணப் படுக்கையருகே சரபோஜி கையைப் பிடித்து நிற்பதுபோல் ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் வடித்த சலவைக்கல் சிற்பம், மன்னரின் செலவில் உருவாகி இன்றும் தஞ்சைச் சுவார்ட்ஸ் ஆலயத்தில் உள்ளது. சாஸ்திரியார் வேலை இழந்தபோது அவரை ஆதரித்தவரும் சரபோஜியே.

சத்தியநாதனும் திருநெல்வேலிச் சபையும்

பாளையங்கோட்டையில் சபை உருவாகக் காரணமானவர் குளோரிந்தா என்னும் விதவைப் பெண். பிராமண குலத்தில் பிறந்த இவருக்கு 1778இல் சுவார்ட்ஸ் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் 40 பேரின் பெயர்கள் இருந்தன. 1785இல் அங்கே ஆலயம் கட்டப்பட்டது. தொலைவிலிருந்த அச்சபையைச் சுவார்ட்ஸ் நேரில் நடத்த இயலவில்லை. ஆகவே தாம் பயிற்றுவித்த உபதேசியார் சத்தியநாதனை அங்கே அனுப்பினார்.

சத்தியநாதன் உற்றாரின் எதிர்ப்பைத் தாங்கி விசுவாசத்திற்கு வந்தவர். 1790 டிசம்பர் 26 அன்று தஞ்சாவூரில் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. அன்று அவர் தமிழில் செய்த பிரசங்கத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, இலண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கம் 1792இல் வெளியிட்டது. ஐரோப்பியர் எழுதித் தமிழர் கேட்ட காலத்தில், தமிழ்க் குருவானவர் ஒருவரின் சொற்களை இலண்டன் மக்கள் வாசித்தனர். 1791இல் யேனிக்கே என்ற ஜெர்மானிய மிஷனரி பாளையங்கோட்டை வந்தபோது, ஊரையும் மக்களையும் நன்கறிந்தவர் சத்தியநாதனாகவே இருந்தார்.

தொடரின் அடுத்த கண்ணி தாவீது சுந்தரானந்தம். சாத்தான்குளம் பகுதியில் நாடார் குலத்தில் பிறந்த இவர், வீட்டை விட்டு வெளியேறித் தஞ்சாவூர் சென்று, அங்கே விசுவாசியானார். சுவார்ட்சின் இறுதி ஆண்டுகளில் பயிற்சி பெற்று, சத்தியநாதனுக்கு உதவியாகத் திருநெல்வேலிக்கே அனுப்பப்பட்டார். தம் உறவினரிடையே அவர் ஊழியம் செய்ததால் பலர் கிறிஸ்தவராயினர். அவர்களுக்குத் துன்பங்கள் நேர்ந்தபோது, 1799இல் நிலம் வாங்கித் தனி ஊர் அமைத்தார். கிறிஸ்தவர்களுக்கென அமைந்த முதல் ஊர் என்பதால் அதற்கு முதலூர் என்று பெயர். அடுத்த சில ஆண்டுகளில் அப்பகுதியில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களுள் பெரும்பகுதியினருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் சத்தியநாதனே.

மிஷனரிகள் இல்லாத காலம்

யேனிக்கே 1800இல் இறந்தார். தாவீது சுந்தரானந்தம் சில ஆண்டுகளில் இளம் வயதிலேயே மறைந்தார். சத்தியநாதன் முதுமையடைந்து 1815இல் காலமானார். ஐரோப்பாவில் போர்கள் நடந்த அக்காலத்தில் ஹாலேயிலிருந்து ஆட்களும் பணமும் வருவது தடைபட்டது. திருநெல்வேலிச் சபைகளோடு நிலையாகத் தங்கி உழைக்கும் மிஷனரி பெரும்பாலும் இல்லை.

1816இல் பாளையங்கோட்டைக்கு இராணுவக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹௌ, அச்சபைகளைத் தேடிச் சென்று பார்த்தார். எண்ணிக்கை முன்பைவிடக் குறைந்திருந்தாலும், ஏறத்தாழ 3,000 கிறிஸ்தவர்கள் பல சிற்றூர்களில் நிலைத்திருந்தனர். ஆபிரகாம் என்ற தமிழ்க் குருவானவரும் சில உபதேசியார்களும் அவர்களை நடத்திவந்தனர். கட்டடங்களோ பணமோ அவர்களிடம் அதிகமில்லை. உபதேசியாரிடம் கற்றவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கற்பித்திருந்தனர்.

மதிப்பீடு

இவ்வரலாற்றிலிருந்து வழிநடத்துதல் பற்றிச் சில செய்திகள் தெளிவாகின்றன.

முதலாவது, கற்பிக்க வந்தவர் தாமும் கற்கவேண்டும். மணலில் எழுதிப் பழகிய சீகன்பால்குவே பின்னர் தமிழருக்கு ஆசிரியரானார்.

இரண்டாவது, முதிர்ச்சிக்குக் காலம் தேவை. ஆரோனுக்கு 15 ஆண்டுகள் ஆயின. குரு இறந்தபின்னும் வேறொருவர் அப்பணியைத் தொடரவேண்டியிருந்தது.

மூன்றாவது, பொறுப்பைக் கொடுத்துத்தான் பொறுப்பைக் கற்பிக்க முடியும். ஹாலேயின் மாணவ ஆசிரியர்களும் திருச்சிராப்பள்ளியின் உபதேசியார்களும் இதற்குச் சான்று.

நான்காவது, சீஷனைத் தம் நகலாக்க முயல்வது வழிநடத்துதல் ஆகாது. குருவானவராகச் சத்தியநாதனும், கவிஞராகச் சாஸ்திரியாரும், தம் சமயத்தில் நிலைத்த மன்னராகச் சரபோஜியும் ஒரே மனிதரின் அன்பில் வளர்ந்தவர்கள்.

ஐந்தாவது செய்தியைச் சபைகள் கேட்க விரும்புவதில்லை. ஆனால் அதுவே மிக முக்கியமானது. தகுதி பெற்றவனைச் சாதியின் பெயரால் கீழே நிறுத்தினால், அதுவரை அளித்த பயிற்சி அனைத்தும் பொய்யாகிவிடும். இராஜநாயக்கனின் பெயர் ஆரோனின் பெயரளவுக்கு இன்று அறியப்படவில்லை. சபை வரலாறு படிக்கும் மாணவர்கள் இருவரையும் சேர்த்தே படிக்கவேண்டும்.